புதருக்குள் சிரித்த பறவை

காலை ஆறரைக்குத் திண்டுக்கல் நிலையத்தில் கொடைக்கானல் பேருந்து ஏறினோம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நான் போனது பழனிச் சிரிப்பானைப் பார்க்க. மலை உச்சியின் சோலையோரப் புதர்களில் வாழும் சிறு பாட்டுப் பறவை அது. எங்கள் சமவெளிக்கு இறங்குவதே இல்லை.

கூட வந்தவள் தங்கை சாந்தி. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் பல வருடம் எந்திர இரைச்சலில் நின்று அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். கூட வேலை செய்த பெண்கள் சிரிப்பார்கள். அதிலிருந்து கல்யாண வீடுகளுக்குக்கூடப் போவதில்லை. காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். போட்டால் அந்தச் சிரிப்பு இன்னும் நல்லாக் கேட்கும் என்று மறுத்துவிட்டாள்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது, நான் பையில் கொண்டுவந்த மெஷினை ஒருமுறை மாட்டினாள். உடனே கழற்றினாள். “ஹாரன் சத்தம் மண்டைக்குள்ள இடிக்குதுக்கா.”

கொடைக்கானலில் வில்பட்டி சாலையில் ஒரு சிறு விடுதி. அறை வாடகை எண்ணூறு ரூபாய். அன்று மாலை முழுக்க மூடுபனி. ஒரு பறவையும் கண்ணில் படவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடுதிக்குப் பின்னால் புதர் மண்டிய சரிவுக்குப் போனோம். “ஆளே இல்லாத இடம்டி. செத்த நேரம் போட்டுப் பாரு” என்றேன். என் வற்புறுத்தலுக்காக மாட்டினாள்.

வெகுநேரம் காற்று மட்டும்தான். திடீரென்று புதருக்குள்ளிருந்து கலகலவென்று ஒரு சிரிப்பு. சாந்தியின் முகம் இறுகியது.

“யாருக்கா சிரிக்கிறது? என்னையவா?”

“ஆளு இல்லடி. அங்க பாரு.”

வெள்ளைப் புருவம், சாம்பல் நெஞ்சு, செம்பழுப்பு வயிறு. மைனாவைவிடச் சிறியது. பழத்தைக் கொத்தி விழுங்கிவிட்டு மறுபடி சிரித்தது. கீழ்க்கிளையிலிருந்து இணை பதில் சிரித்தது.

சாந்தி அசையாமல் நின்றாள். “என்னத்தக் கண்டுச்சுன்னு இம்புட்டுச் சிரிப்பு இதுக்கு?” என்றவள், தானும் சிரித்துவிட்டாள். அவை பறந்து போன பிறகும், இன்னொரு வாட்டி கேட்கணும் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். மதிய வண்டியைத் தவறவிட்டோம்.

இறங்கும் பேருந்தில், ஹாரன் சத்தத்துக்காக மெஷினைக் கழற்றி வைத்திருந்தாள். கண்டக்டர் அவளிடம், “சில்லறை இருக்காம்மா?” என்றார்.

“கல்லறைக்கு எதுக்குய்யா? நாங்க திண்டுக்கல்லு போறோம்!”

முன்சீட்டில் இரண்டு பேர் வாயைப் பொத்தினார்கள். “என்னக்கா கேட்டாரு?” என்றாள். சொன்னேன்.

ஒரு கணம் கண்டக்டரையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில், வாயைப் பொத்தியிருந்தவர்களும் கையை எடுத்துவிட்டார்கள். டிக்கெட் கிழிக்கக் கண்டக்டர் காத்திருக்க வேண்டியதாயிற்று. மலைக் குளிர் போய் வத்தலக்குண்டு வெயில் ஜன்னலில் அடித்தபோதும் அவள் நிறுத்தவில்லை.