மாத்திரை வரையும் மாமி

மாத்திரையைத் தாளில் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டு, அதைச் சுற்றிப் பேனாவால் கோடு இழுக்கிறார் அனந்தலக்ஷ்மி மாமி. பக்கத்தில் ஒரு சூரியன். கீழே ஒரு பிறை. "வட்டம் முழுசா இருந்தா முழு மாத்திரை, பாதின்னா பாதி. படிக்கவே வேண்டாம், பார்த்தா போரும், கேட்டோ."

திருவனந்தபுரத்தில் நான் மாதம் ஒருமுறை போகிற தர்ம ஆஸ்பத்திரி அது. டாக்டர்கள் மலையாளத்தில் சொல்வதைத் தமிழ் நோயாளிகளுக்குச் சொல்லிப் புரியவைக்க, மாமி வலியசாலையிலிருந்து தினமும் வந்து வராந்தா பெஞ்சில் உட்காருகிறார். சம்பளம் கிடையாது. தபாலாபீஸ் பென்ஷன் இருக்கிறது, பேசுவதற்கு வாயும் இருக்கிறது.

அவருடைய கம்ப்யூட்டர்தான் விசித்திரம். புத்தகம் போல விரியும். ஒரு பக்கம் திரையும் எழுத்துப் பலகையும். மறுபக்கம் சாதாரணக் காகித நோட்டு. காகிதத்தில் மையால் எழுதுவது அப்படியே திரையிலும் விழும். மகன் சுமந்த் எப்போதோ வாங்கி, அலுத்துப்போய்ப் பரணில் போட்டதாம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நோட்டும் பேனாவும் போதாதா என்று கேட்டேன். "தாள் அவாளோட போயிடும். தொலைச்சுட்டு வந்து நிப்பா. அப்போ எதைப் பார்த்து வரையறது?" என்றார் மாமி.

ஒரே தொல்லை, தாளைக் கிழித்துக் கொடுத்தால் போதாது. திரையிலும் பக்கத்தைத் திருப்ப வேண்டும். அரட்டை சூடு பிடித்தால் மாமிக்கு அது மறந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை, போனக்காடு எஸ்டேட்டிலிருந்து உலகம்மாள் வந்தாள். முந்தின நாள் வாங்கிப்போன தாளும் டாக்டர் சீட்டும் மழையில் கரைந்துவிட்டன. மாத்திரை மட்டும் பத்திரம்.

"இன்னொண்ணு எழுதித் தாங்க சேச்சி. ஒரு மணிக்கு பஸ். அத விட்டா இன்னைக்கி மலை ஏற முடியாது."

மாமி திரையைத் திறந்தார். உலகம்மாளின் பக்கத்தின் மேலேயே, முந்தின நாள் அவளுக்கு அடுத்து வந்த கொத்தனார் வேல்சாமியின் படமும் ஏறியிருந்தது. இருவருக்கும் ஒரே பிரஷர் மாத்திரை. ஒருவருக்குக் காலையில் முழுசு, இரவில் பாதி, மற்றவருக்கு நேர்மாறு. எது யாருக்கு என்று தெரியவில்லை. சீட்டு எழுதிய டாக்டரோ ஆபரேஷனில் இருந்தார், வெளியே வர மூன்று மணி ஆகுமாம்.

"காலம்பற முழுசுன்னுதான் ஓர்மை..." என்று ஞாபகத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அதையே எழுதுங்க சேச்சி. பஸ் போயிரும்."

"மாட்டேன்." மாமியின் முகம் சுண்டிவிட்டது. "தப்பு என்னோடது. பக்கத்தைத் திருப்பலை. உத்தேசமா எழுதிக் குடுத்து, ஒனக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்ப நானே தோணுன மாதிரி தின்னுக்கிடுதேன்" என்று உலகம்மாள் எழுந்துவிட்டாள்.

மாமி வீட்டிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். "சாவித்ரி, அரிசி கூடப் போடு. ராத்திரி ஒருத்தர் நம்மாத்துல தங்கறா."

பிறகு கம்ப்யூட்டரை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, உலகம்மாளின் கையிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.