அப்பாவின் வாசிப்பும் வாலுவின் கையும்

அந்த வீட்டில் வாத்தியம் இல்லாத அறை குளியலறை ஒன்றுதான். அதிலும் அண்ணன் டிரம்பெட்டோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொள்வான், எதிரொலி பிரமாதமாம். அப்பா நகர இசைக்குழுவில் முதல் வயலின். அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பவள். கடைக்குட்டிக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். ஒரு வாத்தியத்திலும் நிலைக்காமல் தாவியவள், கடைசியில் வாசிப்பவர்கள் முன்னால் நின்று கையசைக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு கண்டக்டர்" என்று அம்மா பெருமையடித்தபோது பக்கத்து வீட்டுக்காரி, "எந்த ரூட்டு பஸ்ஸு?" என்றாள்.

வெளியூர்ப் பள்ளிக்கூடங்கள், நாடக அரங்குகள் என்று பல வருஷம் அலைந்த பிறகு, சொந்த ஊர்க் குழுவுக்கே நடத்துநராக வந்தாள். முதல் நாற்காலியில் அப்பா இன்னும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஒத்திகையிலேயே வந்தது வம்பு. மெதுவாகப் போகும் ஓரிடத்தை அப்பா இழுத்தார். அவரைப் பார்ப்பதா, அவள் கையைப் பார்ப்பதா என்று மற்ற வயலின்கள் திண்டாடின. "எல்லாரும் சேர்ந்து வரணும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் அதே இடத்தில் சறுக்கல். செல்லோக்காரர் கூரையைப் பார்த்தார்.

"அப்பா, நீங்கதான் பின்னாடி வர்றீங்க."

"இங்க அப்பான்னு யாரும் இல்ல. முதல் வயலின்னு சொல்லு."

"சரி. முதல் வயலின், என் கையப் பாருங்க."

பார்த்தார். அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இம்மி பிசகாமல் வாசித்தார். உயிரே இல்லை. கேட்டது கிடைத்தும் அவளுக்குச் சப்பென்று போயிற்று.

சாப்பாட்டு மேசையில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவரு இழுக்குறாரு, வாஸ்தவம்தான்" என்றாள் அம்மா. "நீ மட்டும் என்ன? மூச்சு விட இடம் குடுக்காம ஓடுறே. ரெண்டு பேரும் தட்ட எடுத்து வைங்க."

மறுநாள் அந்த இடத்துக்கு முன்னால் வாலு கையைச் சற்றே நிறுத்தினாள். அப்பா வில்லைத் தூக்கியபடி அவளைப் பார்த்தார். சேர்ந்து இறங்கினார்கள். செல்லோக்காரர் பெருமூச்சு விட்டார்.

அப்பா ஓய்வு பெறும்வரை ஒத்திகைக்கு ஒரு சண்டையாவது நடந்தது. அவருக்குப் பிறகு வந்த பெண், சொன்னதை எல்லாம் சொன்னபடியே வாசித்தாள். அது பழகத்தான் வாலுவுக்கு வெகுநாள் பிடித்தது.