பதினொரு ஜக்கெற்றும் பத்துக் கிலோ மிளகாயும்

வேட்டைக்காரனுக்குச் சுடத் துவக்கு ஒன்று இருந்தால் போதும் என்று நினைக்கிறவன், ஒருநாளும் அவனுக்குக் காற்சட்டை தைத்துக் கொடுத்திருக்க மாட்டான்.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஒரேத்தோத் தெருப் பக்கம் ஒரு சந்துக்குள் எனக்கு ஒரு திருத்துக்கடை. சப்பாத்துக்கு அடி போடுவது, ஜக்கெற்றுக்கு மெழுகு பூசுவது, தோட்டாப் பட்டி தைப்பது, வேட்டை நாயின் கழுத்துப் பட்டி வரைக்கும் என் வேலை. பதினாலு வருசம் சின்யோராமார் என்கிற இத்தாலி வீட்டுக்காரிகளின் மாடிப்படி துடைத்த பிறகு பிடித்த கடை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரைதான். மிச்சத்தை ஆட்கள் என்னை ஏமாற்றி ஏமாற்றிப் படிப்பித்தார்கள். எனக்குக் கோபம் வரும், பேரமும் பேசுவேன், இரண்டையும் ஒரே மூச்சில் செய்வேன். உங்களில் யாராவது பிறநாட்டில் சின்னக் கடை ஒன்றோடு மாரடிக்கிறவராக இருந்தால், நீங்களும் நானும் ஒரே ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருக்கிற நோயாளிகள். கொஞ்சம் தள்ளி எனக்கும் இடம் விட்டுக் கேளுங்கள்.

வேட்டைக்காலம் திறப்பதற்கு முந்தின ஆறு கிழமை, அந்த நாற்பத்திரண்டு நாள்தான் என் வருசத்து உழைப்பு. அதிலும் ஒரு குழுதான் என் அடித்தூண்: தோன் தோத்தோ என்ற தலைவரும் அவருடைய பத்துப் பேரும். அவர்கள் மலையில் சுடுவது தாய்னோ என்கிற மான்; எங்கள் புள்ளிமானுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். இந்தப் பதினொரு பேரும் என்னிடம் வந்தால், அவர்களைப் பார்த்து மற்ற வேட்டைக்காரரும் வருவார்கள். இவர்கள் போனால் கடை போச்சு, திரும்ப வாளியும் துடைப்பானும்தான். போன வருசம் ஓகஸ்ட் எனக்கு இந்தப் பயத்தோடுதான் விடிந்தது.

நாலு விரல்

அந்த ஓகஸ்டில் முதலில் வந்தவர் தோன் தோத்தோ. எழுபதைத் தாண்டியவர், ஆனால் நடக்கிற நடையில் இன்னும் ஒரு படைத்தளபதி. முந்தின வருசத்து ஜக்கெற்றைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பொத்தானுக்கும் துளைக்கும் இடையில் நாலு விரல் தூரம். "இரண்டு பக்கமும் பிரிச்சுத் துணி விடோணும், தோன் தோத்தோ" என்றேன். முகம் சிவந்துபோச்சு. தான் கொழுக்கவில்லையாம்.

நான் அளவுநாடாவை எடுத்தேன். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். நான் காத்திருந்தேன். அவரும் விடாமல் காத்திருந்தார். மனிசன் எவ்வளவு நேரம்தான் மூச்சுப் பிடிக்கலாம்? கடைசியில் வயிறு பொத்தென்று முன்னால் வந்து விழுந்தது. அவர் நாடாவைப் பார்க்கவேயில்லை, கூரையைப் பார்த்துச் சொன்னார்: "மலைக் காத்துப் பட்டால் எந்தத் துணியும் சுருங்கும், சிவா. என்ரை பத்துப் பேரின்ரையும் சுருங்கியிருக்கும். எல்லாருக்கும் நாலு விரல் விடு."

சத்தம் போடாத பொக்கற்

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் நகரத்தின் பொலிதேயாமாப் பகுதியில் பல் வைத்தியர். அவர் அதற்கும் முன்னமே, ஜூன் மாதம் வந்து எல்லாப் பொக்கற்றுக்கும் ஒட்டிப் பிய்க்கிற வெல்குறோ கேட்டார், வைத்துக் கொடுத்தேன். மலைக்குப் போய்த் திறந்து பார்த்தாராம். அது "சர்ர்ர்" என்று கிழிந்த சத்தத்தில் அவருடைய சொந்த நாயே ஓடிவிட்டதாம். வெல்குறோவைப் பிய்த்துப் பொத்தான் வைத்தேன். பொத்தான் துவக்கில் பட்டு "டிக்" என்கிறது என்றார். பொத்தானை வெட்டி, பல்லுப் பல்லாய் இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்தேன். சிப் வெயிலில் மின்னுகிறது என்றார். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் திறந்த பொக்கற்றாகக் கொடுத்தேன். நாலாம் நாள் வந்து, தோட்டா விழுகிறது என்றார்.

எனக்கு எங்கே இருந்து வந்ததோ தெரியாது. கத்தரிக்கோலை மேசையில் எறிந்து, "அப்ப தோட்டாவைக் கையிலை பொத்திக்கொண்டு போங்கோ" என்று கத்தினேன். மனிசன் அசையவில்லை. ஜக்கெற்றை மடித்து என் மடியில் வைத்து, தன் நோயாளியிடம் கதைக்கிற குரலில் சொன்னார்: "என்ரை கதிரையிலை வந்து இருக்கிற ஆக்களை வாயைத் திற எண்டால் திறப்பினம், ஒரு சொல்லும் கதைக்கமாட்டினம். நீயும் அப்பிடி இருக்கப் பழகு."

நல்லூர்க் கொடி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் திருவிழா முடியும்வரை மச்சம் மாமிசம் இல்லை. இந்த வேட்டைக்காரருக்கு அதே நாட்களில்தான் போன வருசத்து வேட்டைப் பைகளின் ஞாபகம் வரும். ரத்தம் காய்ந்து தகரம் மாதிரி விறைத்த பைகள், உள்ளே இறகு, மயிர், எதுவென்று சொல்ல முடியாத இன்னொன்று. என் மனைவி புவனா விரதக்காரி, அவற்றைக் கையால் தொடமாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்று, அடுப்படி இடுக்கியால் ஒரு பையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்: "முருகனும் வள்ளிக்காக வேடன் வேசம் போட்டுப் போனவர்தான். அதுக்காக இந்த நாத்தத்தோடையே போனவர்?"

கறுத்த காடு

ஜூனிலேயே குழு மலையில் இடம் ஒழுங்குபண்ணத் தொடங்கிவிடும். பற்றை வெட்டிப் பாதை எடுப்பார்கள், மான் நக்க உப்புக்கட்டி வைப்பார்கள், உயரமான இடத்தில் ஒரு பரண் கட்டுவார்கள். பரணில் தலைவர் மட்டும்தான் இருக்கலாம். அவர் மேலே இருந்து பார்த்து, மான் வந்தால் கைகாட்டுவார். அந்தக் கை அசையும்வரை கீழே பத்துப் பேரும் கல்லு மாதிரி இருக்கவேணும். இது அவர்கள் குழுவின் சட்டம். பரணைச் சுற்றிக் கட்டுகிற மறைப்புத் துணி என் வேலை. இலை அச்சடித்த பச்சைத் துணி ஒரு முழுச் சுருளைப் பேரம் பேசி, விற்றவன் அழுகிற அளவுக்கு இறக்கி வாங்கித் தைத்து வைத்திருந்தேன்.

ஜூலையில் சூடான காற்று அடித்து மலை பற்றி எரிந்தது. ஓகஸ்டில் தோன் தோத்தோ என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். கரிக்கட்டை மரங்கள், சாம்பல் தரை, எங்கும் ஒரு குருவிச் சத்தம் இல்லை. அதற்கு நடுவில், தீக்குப் பிறகு கட்டிய புதுப் பரணில் என் பச்சைத் துணி, செத்தவீட்டுக்குக் கலியாணச் சீலை உடுத்து வந்தவள் மாதிரி நின்றது. வாய் விட்டு அழலாம் போல இருந்தது. "காடு எரியுமெண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்று கோபத்தோடு கேட்டேன். அவர் ஒரு கரித்துண்டை எடுத்து என் கையில் வைத்து, துணியைக் காட்டினார்: "காடு எரிஞ்சது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துணிக்குத்தான் இன்னும் தெரியேல்லை, பூசு."

மலிவு

இனி என் பிழைக்கு வருகிறேன். ஜக்கெற்றுக்குத் தேன்மெழுகை உருக்கிச் சூட்டோடு தேய்த்து, பத்து நாள் பின்னறையில் தொங்கவிடவேணும். மெழுகு இறுகும்வரை எந்த மணம் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பெரிது. அதனால் அந்தப் பத்து நாளும் கடையில் சவர்க்காரம் இல்லை, சென்ற் இல்லை, சாமிப் படத்துக்கு ஊதுபத்திகூட இல்லை. இவ்வளவு கவனம் எடுக்கிற நான், அந்தப் பத்து நாளுக்குள் ஒருநாள் பல்லாரோச் சந்தைக்குப் போனேன். ஒரு வங்காளக் கடைக்காரன் காய்ந்த செத்தல் மிளகாயைப் பாதி விலைக்குத் தருகிறான். நான் அதிலும் பாதி கேட்டேன். அரை மணித்தியாலம் மல்லுக்கட்டி, பத்துக் கிலோவை வென்று தோளில் தூக்கிக்கொண்டு வந்தேன். ஏன் மலிவு என்று கடையில் கொட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஈரம். அன்றைக்கே வறுத்துத் தூளாக்காவிட்டால் பூஞ்சணம்.

வீட்டில் வறுக்கேலாது. போனமுறை வறுத்ததற்கு மேல்மாடிச் சின்யோரா இருமி இருமிப் பொலிஸைக் கூப்பிட்டவள். மிச்சம் இருந்தது கடையின் பின்பக்க அடுப்பு. "இஞ்சேருங்கோ, பக்கத்திலை ஜக்கெற்றெல்லாம் தூங்குது" என்றாள் புவனா. "கதவைச் சாத்திப்போட்டு வறும், ஒண்டும் வராது" என்றவன் நான்தான். மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வறுபட்டது. காலையில் ஒரு ஜக்கெற்றின் கொலரில் மூக்கை வைத்தேன். யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டுக் குசினியில் கறி கொதிக்கிற மணம். மூன்று நாள் மொட்டைமாடிக் காற்றில் விட்டும் மெழுகு விட்டுக்கொடுக்கவில்லை. நாலாம் நாள் பதினொரு பேரும் வந்து எடுத்துப்போனார்கள். "நல்ல வாசமா இருக்கே?" என்ற பல் வைத்தியருக்கு, "புது மெழுகு" என்று பொய் சொன்னேன். அவர்களுடைய ஜீப் திரும்பி மறையும்வரை பார்த்து நின்ற புவனா சொன்னாள்: "மானுக்கெல்லாம் தடிமன் வந்து மூக்கு அடைச்சால்தான் இனி எங்களுக்குக் கடை."

மூன்று கிழமை

வேட்டை திறந்தது. முதல் கிழமை மான் இல்லை. காற்றுப் பிழை என்றார்கள். இரண்டாம் கிழமையும் இல்லை, கரிக்காடு என்றார்கள். நான் நித்திரை கொள்ளவில்லை. மெசினில் இருந்தால் ஊசி ஊசியாய் முறிந்தது. மூன்றாம் கிழமை பல் வைத்தியர் ஒரு தமிழ் நோயாளியின் வீட்டில் சாப்பிடப் போயிருக்கிறார். கறிச் சட்டி திறந்ததும், ஜக்கெற்றில் மணக்கிறது எதுவென்று மனிசனுக்கு விளங்கிவிட்டது.

அடுத்தநாள் தோன் தோத்தோ பதினொரு ஜக்கெற்றையும் என் மேசையில் கொட்டினார். வேறு கடை பார்த்தாச்சாம். எனக்குப் பயம் வந்தால் முதலில் வெளியே வருவது கோபம்தான். "மணத்தாலைதான் மான் வரேல்லை எண்டு ஆர் கண்டது? உங்களுக்குத் துணிவிருந்தால் என்னைப் பரணிலை ஏத்துங்கோ. இருக்கிறதிலை ஆகக்கூட மணக்கிற ஜக்கெற்றை நான் போடுறன். மான் வந்தால் வேலை எனக்கு!" என்று சந்தே கேட்கக் கத்தினேன். உள்ளுக்குள் நல்லூர்க் கந்தனை விழுந்து கும்பிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கையை நீட்டினார்: "வந்தால் நான் சாகுமட்டும் வேலை உனக்கு. வரேல்லை எண்டால் பதினொண்டையும் நீயே ஒண்டுக்கு மேலை ஒண்டாப் போட்டுக்கொண்டு திரி."

பரண்

விடிகிற நேரம் பரணில் நானும் அவரும் மட்டும். கீழே பத்துப் பேரும் அவருடைய கையை மட்டும் பார்த்தபடி கரிந்த பற்றைகளுக்குள்; உப்புக்கட்டிப் பக்கம் அங்கிருந்து தெரியாது. முதல் மழை பெய்திருந்தது; கரி மரங்களின் காலடியில் புதுப் புல். காற்று எங்கள் முதுகில் அடித்து நேரே உப்புக்கட்டிப் பக்கம் போனது. என் மேலிருந்த மணத்திலேயே எனக்குத் தும்மல் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது வந்தது. கொம்பும் புள்ளியுமாய், முப்பது அடி தூரத்தில். மூக்கைத் தூக்கி எங்கள் பக்கம் இழுத்தது. ஒரு கணம். பிறகு குனிந்து புல்லுத் தின்னத் தொடங்கியது. நான் அவருடைய முழங்கையைப் பிடித்து அமத்தினேன். அவர் துவக்கைத் தூக்கினார். குழல் மெல்ல ஆடியது. "எங்கை?" என்று மூச்சுக்குள் கேட்டார். "அங்கை, கரிஞ்ச ஒலிவு மரத்துக்குக் கீழை." "எந்த ஒலிவு?" நான் விரலால் காட்டினேன். அவர் கண்ணைத் துடைத்தார், திரும்பப் பார்த்தார், துவக்கை இடதுபக்கம் கொண்டுபோனார். அங்கே ஒரு பாறைதான் இருந்தது. மான் வேண்டிய அளவுக்குத் தின்று, திரும்பி நடந்து போனது.

மூன்று கிழமையும் மான் வந்திருக்கிறது. கைகாட்டவேண்டியவருக்குத்தான் அது தெரியவில்லை. நான் வென்றுவிட்டேன். கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் தன் மடியில் கிடந்த கோப்பிப் போத்தல் மூடியைத் தரையெல்லாம் தடவித் தேடிக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடினேன். மூடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். கீழே இறங்க முன்னம், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ வெண்டிட்டாய், சிவா, நான் வாக்கு மாறன். ஆனால் உன்ரை மிளகாய்த் தூளிலை பிழையில்லை எண்டால் அவங்கள் பத்துப் பேரும் அடுத்ததாய்ப் பாக்கிறது என்ரை கண்ணைத்தான். எனக்கு இந்த ஒரு பரண்தான் மிச்சம். பிழை தூளிலையே இருக்கட்டும், என்ன?"

கத்தரிக்காய்க்குக்கூட அரை மணித்தியாலம் பேரம் பேசுகிற நான் அதற்குப் பேரம் பேசாமல் தலையாட்டினேன்; பிழை தூளிலேயே இருந்தது, தோன் தோத்தோவின் ஒரு ஜக்கெற்றைத் தவிர வேறு எவருடையதும் கடைக்கு வரவில்லை; பந்தயத்தை வென்றவனும் நான், கிறிஸ்மஸுக்கு முன்னம் கடையைப் பூட்டி, பூட்டுத் திறப்பைக் கடைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்தவனும் நான், இடையில் வயிறாரச் சாப்பிட்டது மான் மட்டும்தான்.