நாலாம் கேட்டிலிருந்து வந்த பூனைக் கதை

போன வருடம் ஆடி மாதத்தில் நடந்தது இது. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் இரண்டாம் கேட்டுக்கு நான் செக்யூரிட்டி. இன்றைக்கும் அதே யார்டு, அதே கேட்தான். மொத்தம் நாலு கேட். ஒரு கேட்டில் நிற்பவனுக்கு இன்னொரு கேட் தெரியாது. நடுவில் மலை மாதிரி பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பகல் முழுக்க எனக்குத் துணை கையிலிருக்கும் வாக்கி-டாக்கி ஒன்றுதான். அதிலும் 'டிரெய்லர் உள்ள வருது', 'டிரெய்லர் வெளிய போவுது' என்பதைத் தவிர நான் வேறெதுவும் பேசியதில்லை.

மனைவி காலமாகிவிட்டாள். மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். எனக்குத் திருவொற்றியூரில் ஒற்றை ரூம். வேலை முடிந்து போய்க் கதவைத் திறக்கும்போது 'வந்துட்டேன்' என்று சொல்வேன். பதில் சொல்ல ஆள் இல்லை என்று தெரிந்தும் வாய் சும்மா இருக்காது.

எங்கள் கேபின்களில் முதலில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமாம். அப்போதிருந்த சூப்பர்வைசர் போட்ட சட்டம் அது. நாலாம் கேட்டில் நின்ற ஒருவர்தான் துணிந்து எங்களைச் சேர்த்தார். ஒரு நாள் காலையில் நாலு கேட்டையும் சாத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தோம். டிரெய்லர்கள் எக்ஸ்பிரஸ் ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. மத்தியானத்துக்குள் அந்த சூப்பர்வைசரை மாற்றினார்கள். கேட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. எங்களைச் சேர்த்தவரையே புது சூப்பர்வைசராக்கினார்கள். அன்றைக்கு நாங்கள் அடித்த விசில் கழிமுகம் வரை கேட்டிருக்கும்.

பொங்கல் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அப்புறம் புது சூப்பர்வைசரே ஏதோ ஆடிட் என்று சொல்லி நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார். போனது போனதுதான். அவர் ரூமில் மட்டும் குஷன் வைத்த சுழல் நாற்காலி. எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு சாயங்காலமானால் விண்விண்ணென்று தெறிக்கும். ஆனால் போய்க் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. பழைய ஆளாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். இவர் நம்ம ஆள் ஆயிற்றே!

அந்தச் சமயத்தில்தான் கதை வந்தது. மத்தியானம், சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். வாக்கியில் கரகரவென்று ஒரு குரல்.

"கேட்டுக்காரங்கோ அல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க. காசிமேட்டு மீன் ஏலத்துல ஒரு நாற்காலி கீது. அதுல ஒரு நாய் குந்திகினு பூனைங்கள அண்டவுடாம தொரத்திகினு இருந்துச்சி..."

அன்றைக்கு அவ்வளவுதான். லாரி வந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் அதே நேரத்துக்குத் தொடர்ந்தது. பூனைகளெல்லாம் ஒரு கடுவன் பூனை பின்னால் திரண்டு நாயை விரட்டிவிட்டன. மீனுக்குப் பங்கு பிரித்தாகிவிட்டது. நாய் திரும்ப வந்துவிட்டால்? யாராவது நாற்காலியில் உட்கார்ந்து காவல் காக்க வேண்டுமே என்று கடுவனையே ஏற்றி உட்கார வைத்தன. கொஞ்ச நாள் கழித்து ஒரு குட்டிப்பூனை மீன் தலைக்குப் போனபோது நாற்காலியிலிருந்து 'லொள்' என்று சத்தம். நாய்தான் வந்துவிட்டது என்று எல்லாப் பூனையும் பதறி ஓடிப் பார்த்தால், "நாயே இல்ல மாமு! நம்ம கடுவன்தான் குரைச்சிகினு கீது!"

கேபினில் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

அந்தக் குரலுக்குப் பின்னால் கூட்ஸ் வண்டியின் ஹாரன் கேட்கும். தண்டவாளம் இருப்பது நாலாம் கேட்டுக்குப் பக்கத்தில். அப்படியானால் அங்கே புதிதாக வந்தவர்தான். அவர் ரயிலடி வழியாக வந்து போகிறவர், நான் மெயின் ரோடு வழி. முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த மத்தியான நேரத்துக்காகவே குளித்துக் கிளம்ப ஆரம்பித்தேன். பத்திரிகையில் வாசகர் அனுபவம் வரும் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சோற்று டப்பாவைத் திறப்பேன் என்று ஒருமுறை சொன்னார். கதைக்கு நடுவில் இன்னொரு நாள் சொன்னது இது: "நாற்காலிக்கும் நாலு காலு கீது. ஏறிக் குந்துனவன் தான்தான் அத ஓட்றோம்னு நெனப்பான். அதுதான் அவன இட்டுகினு பூடும்."

ஒரு நாள் சூப்பர்வைசர் வாக்கியில் எங்களைக் காய்ச்சி எடுத்து முடித்தார். உடனே எங்கிருந்தோ மெதுவாக 'மியாவ்' என்று ஒரு சத்தம். இன்னொரு கேட்டிலிருந்து இன்னொரு 'மியாவ்'. நானும் பட்டனை அமுக்கி ஒன்று விட்டேன். உடம்பெல்லாம் வேர்த்தாலும் மனசு காற்றாடியாகப் பறந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் என் கேபினுக்கே வந்துவிட்டார்.

"வாக்கில எவனோ கதை சொல்றானாமே, எவன் அது?"

"தெரியாது சார்."

"அதுல வர்ற நாய் யாரு?"

"நாய்தான் சார்."

"குரைக்கிற பூனை?"

"பூனைதான் சார். மீன் மார்க்கெட்ல இருக்குமே."

'அது நான்தானே' என்று அவர் வாயால் எப்படிக் கேட்பார்? பிறகு குரலை இறக்கி, "உன் கால் வீங்கிகீது பாரு. பேர மட்டும் சொல்லு, நாளைக்கே உனக்கு நாற்காலி வந்துடும்" என்றார். பொய் சொல்ல மாட்டேன், என் கால் அந்த நாற்காலிக்கு ஏங்கியது. "பூனைக் கதை சார், யார் சொன்னா இன்னா?" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாளில் நாலாம் கேட்காரரைப் புழல் பக்கம் ஏதோ குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். வாக்கியில் ஒளிந்து கேட்டவருக்கு ஹாரன் சத்தமே காட்டிக் கொடுத்திருக்கும். சூப்பர்வைசரும் அதே கேட்டில் நின்றவர்தானே! ஆனால் அவர் அதோடு விடவில்லை. மறுநாள் காலை என் கேபினில் ஒரு புத்தம்புது நாற்காலி இருந்தது. என் கேபினில் மட்டும்.

எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. சாயங்காலம் டீக்கடையில் ஒன்றாம் கேட்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். மூணாம் கேட்காரர், "நாற்காலி சொகமா கீதா நைனா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோனார். நான் சொல்லவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கேபினில் நாற்காலி இருக்கிறதே! அன்றிலிருந்து வாக்கியில் கதையும் இல்லை, மியாவும் இல்லை. என்னோடு பேசவும் ஆள் இல்லை. தனிமை எனக்குப் பழகியதுதான். ஆனால் காட்டிக் கொடுத்தவன் என்ற பெயரோடு தனியாக நிற்பது வேறு. சில நாள் பெட்டிகளைப் பார்த்தபடி அழுதிருக்கிறேன்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "கம்பெனி சொத்து, அங்கியே கிடக்கட்டும்" என்று விரட்டிவிட்டார். சரி, கிடக்கட்டும் என்று அதன் பக்கத்திலேயே நின்றேன். உட்காரவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் தண்ணீர் கேன் எடுக்க மூணாம் கேட்காரர் என் கேபினுக்குள் வந்தார். என்னைப் பார்க்காமல் குனிந்தவர் நாற்காலியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். எண்ணூர்க் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவர் ஹவுஸ் சாம்பல் ஒரு நாள் விட்டாலே படிந்துவிடும். உட்காரும் இடத்தில் சாம்பல் கனமாக, ஒரு தடமும் இல்லாமல் படிந்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒருக்கா கூட குந்தலியா?"

"இல்லப்பா."

கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாக்கி கரகரத்தது. "மியாவ்." கொஞ்சம் பொறுத்து ஒன்றாம் கேட்டிலிருந்து இன்னொன்று. நான் பட்டனை அமுக்கினேன், அழுகையில் சத்தமே வரவில்லை.

கதை மட்டும் பாதியில் நிற்கிறது. குரைக்கும் கடுவனைப் பூனைகள் என்ன செய்தன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் புழலில் எந்தக் கேட்டில் தனியாக நிற்கிறாரோ, என்னைப் பற்றி அவர் காதுக்கு என்ன போய்ச் சேர்ந்ததோ. அவர் படிக்கும் பக்கம் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அண்ணே, சோற்று டப்பாவைத் திறப்பதற்கு முன் இதைப் படித்தால் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எனக்குக் கொடுத்த அந்த நாற்காலியில் இன்றைக்கும் சாம்பல்தான் உட்கார்ந்திருக்கிறது.