சொட்டுகிற கோணி

மாமல்லபுரத்தில் காலை பஸ்ஸில் முதலில் ஒரு கோணிப்பை ஏறும். அதைத் தள்ளிக்கொண்டு பின்னால் காத்தவராயன் ஏறுவார். "யோவ் பெரியவரே, உன்னோட பேஜாரா போச்சுய்யா! இது பஸ்ஸா, ஐஸ் வண்டியா?" என்று கண்டக்டர் சின்னராசு கத்துவார். "ஓசியிலயா வர்றேன்? கோணிக்கும் சேத்து டிக்கெட்டக் கிழி" என்று இவரும் கத்துவார். சண்டை முடிவதற்குள் கோணி சொட்டத் தொடங்கிவிடும். தண்ணீர் இருக்கைகளுக்கு அடியில் ஓடும். பெண்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். சதுரங்கப்பட்டினம் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அதே பஸ்ஸில் போகிறவன் நான். என் வேட்டி நனைந்த கணக்கை விட்டுவிட்டேன். அதன் மீன் வாடைக்கு வகுப்பில் பையன்கள் மூக்கைச் சுளிப்பதை மட்டும் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கோணிக்குள் மரத்தூள். மரத்தூளுக்குள் அரைப் பாளம் ஐஸ். ஓட்டல்களுக்கு ஐஸ் போடும் சுலைமான் பாயிடம் கெஞ்சியோ, திட்டியோ வாங்கி வருவது. சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள தன் குப்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அது கால் பாளமாகிவிடும். தூள் ஈரமாக இருந்தால் அதுவும் மிஞ்சாது, அதனால் தினமும் தூளை வெயிலில் காயவைத்துக்கொள்வார். மனிதருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டுமரத்தில் போய் உப்பேறிக் கறுத்த உடம்பு. தலையில் ஒரு துண்டு. பேச ஆரம்பித்தால் அந்தத் துண்டு தோளுக்கு வரும். கோபம் வந்தால் கைக்கு வரும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.

"கேட்டுக்க வாத்யாரே" என்று ஆரம்பிப்பார். நான் கேட்கவில்லை என்று சொன்னாலும் ஆரம்பிப்பார். "கல்பாக்கத்துல வூடு வூடாக் கட்டிகினு கீறான். அத்தினி வூட்லயும் மாசச் சம்பளக்காரன். அவன் எப்ப வூட்டுக்கு வர்றான்? சாயங்காலம். எப்ப மீன் கேப்பான்? சாயங்காலம். நம்மாளு இன்னா பண்றான்? விடியசொல்ல கரைக்கு வர்றான், சைக்கிள்ல வர்ற மீன் யாவாரி சொன்ன வெலைக்குக் குடுத்துட்டு நாஸ்தா துண்ணப் பூட்றான். வெயில் ஏறிச்சின்னா மீன் நாறிடும்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் கம்மியாக் கேக்கறான். ஒரு ஐஸ் ரூமு இருந்தா அவன் நம்மகிட்ட வாலாட்டுவானா? சொல்லு."

நான் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் அரை மணி நேரம் பேசுவார்.

குப்பத்தில் இவருக்கு முதல் எதிரி மனைவி பூவாயி. மீன்கூடை சுமந்து விற்பவள். "ஐஸ்ல வெச்ச மீனு ரெண்டாந்தபா செத்த மீனு. அத்த நான் விக்கணுமா? எம்மூஞ்சில காறித் துப்புவாங்க" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. முதல் தடவை இவர் தவலைக்குள் ஐஸையும் மீனையும் ஒன்றாய்ப் போட்டு மூடிவைத்தார். ஐஸ் உருகி, மீன் இரண்டு நாள் அந்தத் தண்ணீரிலேயே ஊறி, கையில் எடுத்தால் பிய்ந்து வந்தது. நாற்றம் போகாமல் தவலை வீணானதற்குத்தான் பூவாயி அதிகம் அழுதாள். அதற்கப்புறம் கோணியிலேயே மீனைப் புதைத்து, தண்ணீர் வடிய ஓட்டை விடக் கற்றுக்கொண்டார். அந்த ஓட்டையின் பலனைத்தான் என் வேட்டி அனுபவிக்கிறது.

சென்ற மாதம் இவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. குப்பத்தின் பொதுப்பணத்தைப் போட்டால் மீதியைச் சர்க்கார் போட்டு ஐஸ் அறை கட்டித்தரும் என்றார்கள். ஊரின் சம்மதத்தைக் கேட்கத் திருநாவுக்கரசு என்ற அதிகாரி வருவதாய் இருந்தது. ஆனால் ஊர்த் தலைவர் செங்கல்வராயனுக்கு அந்தப் பணத்தில் குப்பத்து வாசலில் வளைவு கட்டவேண்டும். வடக்குக் குப்பத்துக்காரர்கள் கட்டிவிட்டார்கள், அதில் பல்பு வேறு எரிகிறது. "டவுன்ஷிப்காரன் பஸ்ஸுல போவசொல்ல நம்ம ஊரு பேரு தெரிய வாணாமா மச்சான்?" என்பார். காத்தவராயன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "பேரு தெரிஞ்சா இன்னா பண்ணுவான்? எறங்கி வந்து வளைவ நக்குவானா?" இருந்தும் வளைவுக்கு இடம் பார்த்து, முளையடித்துக் கயிறுகூடக் கட்டிவிட்டார்கள். காத்தவராயனைப் பொறுத்தவரை மச்சான் உறவெல்லாம் அன்றோடு சரி.

வாயால் பேசிப் பயனில்லை என்று காத்தவராயனுக்கே தோன்றியிருக்கவேண்டும். கூட்டத்துக்கு முதல்நாள் பிடித்த வஞ்சிரம் ஒன்றைக் கோணிக்குள் ஐஸில் புதைத்தார். மறுநாள் கூட்டத்தில், அன்று காலை பிடித்ததை அதன் பக்கத்தில் வைத்து, எது நேற்றையது என்று பூவாயியையே கேட்கப் போவதாகச் சொன்னார். "அவ சொல்லிட்டா நான் இனிமே வாயத் தொறக்கல" என்றார். அவர் வாய் மூடியிருப்பதைப் பார்க்கும் ஆசையிலேயே நானும் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

காலையில் கோணியைக் கூட்டம் நடக்கும் வலைக்கொட்டகையில் நிழலாய்ப் பார்த்து வைத்துவிட்டு, அதிகாரியை அழைத்துவர ரோட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். பஸ் தாமதம். அதிகாரி ஒருவழியாக இறங்கியதும் காத்தவராயன் மணலில் வழியெல்லாம் கல்பாக்கத்துச் சாயங்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். திருநாவுக்கரசு நல்ல மனிதர், தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கொட்டகையில் ஊரே உட்கார்ந்திருந்தது. செங்கல்வராயன் எழுந்து கும்பிட்டு, அதிகாரிக்கு ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத் நீட்டினார். கிளாஸில் ஐஸ் மிதந்தது.

காத்தவராயன் கிளாஸைப் பார்த்தார். பஞ்சாயத்தார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கிளாஸ். எல்லாவற்றிலும் ஐஸ். திரும்பிக் கோணியைப் பார்த்தார். அது தட்டையாய்க் கிடந்தது. மரத்தூள் மணலில் கொட்டியிருந்தது. வஞ்சிரத்தை எடுத்து வெளியே ஒரு கட்டுமரத்தின் மேல், நல்ல வெயிலில் வைத்திருந்தார்கள்.

"இன்னா மச்சான் அப்டிப் பாக்கற?" என்றார் செங்கல்வராயன். குரலில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை, அதுதான் கொடுமை. "ஆபீசரு வெயில்ல வர்றாரு. சுடுதண்ணியா குடுக்கறது? ஊரு மானம் இன்னாவறது? நல்லாக் கழுவித்தான் போட்டோம். நீயும் ஒரு கிளாஸ் குடி."

அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு மாதிரி வாசனையா இருக்கே?" என்றார். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு.

இரண்டு மீன்களையும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரையும் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. நேற்றையதன் கண் குழிந்து, மேலே ஈ மொய்த்தது. பூவாயி அதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் எழும்பவில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பாத்தீங்களா சார், ஐஸ்ல வெச்ச மீனு நாறுது" என்றார் செங்கல்வராயன், ஐஸைக் கடித்தபடியே.

"வெயிலில் வைத்தால் எந்த மீன்தான் நாறாது?" என்று நான் எழுந்தேன். "வாத்யாருக்கு மீனப்பத்தி இன்னா தெரியும், குந்துங்க" என்று உட்காரவைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாதுதான். என் வேட்டிக்குத் தெரியும். கை தூக்கச் சொன்னார்கள். வளைவுக்கு ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. திருநாவுக்கரசு கிளாஸைக் காலி செய்து கீழே வைத்து, "வர்ற வருஷம் பார்ப்போம் பெரியவரே" என்று காத்தவராயன் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

காத்தவராயன் திட்டுவார், துண்டு கைக்கு வரும் என்று ஊரே காத்திருந்தது. துண்டு தலையிலேயே இருந்தது. குனிந்து, மணலில் கொட்டிக்கிடந்த ஈர மரத்தூளைக் கை கையாக அள்ளிக் கோணியில் போட்டார். காலில் மிதிபட்டதைக்கூட விடவில்லை. பூவாயியும் வந்து ஒரு கை அள்ளிப் போட்டாள். கோணியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு முளையடித்த இடத்துக்குப் போனார். குப்பத்திலேயே நன்றாக வெயில் விழும் இடம் அது. கயிற்றுக்கு உள்பக்கமாய்த் தூளைக் கொட்டிப் பரப்பினார்.

"மச்சான், அங்க கம்பம் வரும்" என்றார் செங்கல்வராயன்.

காத்தவராயன் நிமிரவில்லை. அடியில் இருந்த ஈரத்தூள் மேலே வரும்படி இரண்டு கையாலும் புரட்டிப் போட்டார்.