வரைபடத்தின் வெள்ளைப் பாதி

எங்கள் மூத்தோர் சங்க விதிப்படி, பயணப் பேச்சாளர் தாம் நேரில் கண்ட இடங்களைப் பற்றி மட்டுமே பேசலாம். அந்த விதியை எழுதியவன் நான். வோபர்ன் நூலக மண்டபத்தில் அதை மீறியவர், கட்டடத்துக்குள்ளும் குளிர்த்தொப்பியைக் கழற்றாத ஒரு மெலிந்த மனிதர். தலைப்பு, ‘பேர்லின்: முதற் பாகம்’.

படங்கள் இணையத்தில் பொறுக்கியவை. சரித்திரம் சுற்றுலாத் துண்டுப்பிரசுரத் தரம். பிரண்டன்பேர்க் வாசல், தொலைக்காட்சிக் கோபுரம், தேவாலயம் என்று எதைக் காட்டினாலும், ஸ்ரேசனிலிருந்து எத்தனை நிமிட நடை என்பதையே சொன்னார். பொறுக்க முடியாமல் எழுந்தேன்.

“நீர் உதில ஒண்டையாவது நேரில கண்டனீரோ?”

“இல்லை அண்ணை. பேர்லின் மதில் இருந்த காலம். கிழக்குப் பக்க ஸ்ரேசனில ஒரு பகல் நிண்டனான். வெளியால போகாதை எண்டு, எங்களைக் களவாக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொன்னவன். சுவரில இருந்த மாப்பைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“மாப்பில பாத்தாப் போதுமெண்டால் நான் உலகத்தையே சுத்தியிட்டன்.”

சபை சிரித்தது. அவரும் சிரித்தார்.

“மதிலுக்கு அங்கால, மேற்குப் பாதியைக் கிழக்குக்காரர் மாப்பில கீறவேயில்லை அண்ணை. வெறும் வெள்ளை. எங்களை அதுக்குள்ளதான் போகச் சொன்னவன் ஏஜென்சிக்காரன். அடுத்த மாசம் அதைச் சொல்லுறன்.”

அன்றே, இரண்டாம் பாகத்தை நிறுத்தும்படி செயற்குழுவுக்கு முறைப்பாடு எழுதினேன். அதை அனுப்பிய பிறகுதான், அந்த வெள்ளைக்குள் அவர் எப்படிப் போனார் என்ற கேள்வி என்னை அரிக்கத் தொடங்கியது. கொடுத்த முறைப்பாட்டை மீளப்பெற விதியில் இடமில்லை. அந்த விதியையும் நான்தான் எழுதினேன்.

“தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது” என்ற பதில், அவர் பேசவிருந்த நாளுக்கு முதல் நாள், மே இருபத்தொன்பதாம் திகதி, வந்து சேர்ந்தது.