அரளியும் எருக்கும்

தாவரவியல் படித்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் செடியைப் பார்த்தாலும் அதன் குடும்பப் பெயர் தானாக வாயில் வந்துவிடும். கல்யாணப் பந்தலில் கட்டியிருக்கும் வாழையைப் பார்த்து நான் முணுமுணுப்பேன். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். தொண்ணூறுகளில் செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. படித்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி அது.

எங்களுக்குப் பாடமாக இருந்தது, நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் இரண்டு வெள்ளைக்காரர்கள் போட்ட வரிசை. லண்டனில் உட்கார்ந்து, உலர்ந்த செடிகளைப் பரப்பிவைத்து, இதழ் தனித்தனியாக இருந்தால் ஒரு பக்கம், ஒட்டியிருந்தால் ஒரு பக்கம், இதழே இல்லையென்றால் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டார்கள். அதை வேதவாக்காக நாங்கள் ஒப்பித்தோம். அவர்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் வேறு மாதிரி பிரித்திருந்தார்கள் என்றோ, பின்னால் வருகிறவர்கள் மாற்றக்கூடும் என்றோ யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படிப்பு இன்னும் ருசியாக இருந்திருக்கும்.

என் பக்கத்து மேசைக்காரி மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்துப் பெண். நான் அணு ஆராய்ச்சிக்காரர்களின் குடியிருப்பில் வளர்ந்தவள். திருக்கழுக்குன்றத்தில் ஒரே பேருந்தில் சேர்ந்துகொள்வோம். அவள் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான். இருவரும் சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்வதாகத் திட்டம். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: எல்லாவற்றிலும் தேறினால் மேலே படிக்கலாம், ஒன்றில் தவறினாலும் படிப்பு அதோடு சரி.

கடைசி ஆண்டுச் செய்முறைத் தேர்வு வந்தது. அன்று காலையில் மாணவர்கள் கல்லூரியைச் சுற்றி உளவு பார்ப்பது வழக்கம். எந்தச் செடி புதிதாக மொட்டையாகி நிற்கிறதோ, அதன் பூவைத்தான் தேர்வுக்குப் பறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று வாசலோரத்து அரளி வரிசையில் ஒரு பூ கூட இல்லை. வகுப்பு மொத்தமும் மரத்தடியில் உட்கார்ந்து அரளியின் குடும்பமான அப்போசைனேசியை மனப்பாடம் செய்தோம். உள்ளே போனால் தட்டில் எருக்கம்பூ! முந்தின நாள் பிரதோஷம். அரளியெல்லாம் சிவனுக்குப் போயிருந்தது எங்கள் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பூவை அறுத்துப் பார்த்து, படம் வரைந்து, குடும்பப் பெயரை எழுதிவிட்டு நிற்க வேண்டும். வெளியூர்த் தேர்வாளர் மேசை மேசையாக வருவார். பெயர் சரியாக இருந்தால் காரணம் கேட்பார். அதற்குத்தான் மதிப்பெண் அதிகம். நான் அஸ்கிளிபியடேசி என்று எழுதியிருந்தேன். எருக்குக்கு அதுதான் விடை. அவள் அப்போசைனேசி என்று எழுதியிருந்தாள். தேர்வாளர் தாளைப் பார்த்தார், சிவப்பில் ஒரு கோடு இழுத்தார், நகர்ந்துவிட்டார். காலையில் உருப்போட்டதையே பூவைப் பார்க்காமல் எழுதிவைத்துவிட்டாள் என்று வெளியே வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் அதற்குள் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

அந்த ஒன்றில்தான் அவள் தவறினாள். அவள் அப்பா சொன்ன சொல் மாறவில்லை. நான் மட்டும் சென்னைக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் பேருந்தில் தனியாக உட்கார்ந்து போன அன்று அழுகையாக வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் விரிவுரையாளராக இருந்தபோது, புதுப் பாடத்திட்டம் வந்தது. மரபணுவை வைத்துச் செடிகளின் உறவைப் புதிதாக எழுதியிருந்தார்கள். அஸ்கிளிபியடேசி என்ற குடும்பமே அதில் இல்லை. எருக்கை அரளியோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். அதைவிடக் கூத்து, இரண்டும் முதலில் ஒன்றாகத்தான் இருந்தனவாம்; இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து தனிக்குடித்தனம் வைத்திருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அவளும் அவள் கணவரும் கடற்கரைச் சாலையில் மீன் வறுவல் கடை வைத்திருந்தார்கள். நல்ல வியாபாரம். அவள் கல்லில் வஞ்சிரத்தைத் திருப்பிக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"அப்ப நான் எழுதனது கரெக்டா?"

"கரெக்டுதான்டி. அன்னிக்கு நீ உருப்போட்டத எழுதினாலும், இப்ப அதுதான் சரி."

அவள் கை நின்றது. "உருப்போட்டதா? யார்டி சொன்னா?"

"பின்ன ஏன் அப்படி எழுதின?" என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் எதிரே நிமிர்ந்து நின்றாள்.

"எங்க வூட்டாண்ட ரெண்டும் கீது. சின்ன வயசுலேர்ந்து பாத்துகினுதானே இருக்கேன்? எத்த ஒடிச்சாலும் பால் வருது. காயி ரெண்டுத்துலயும் ஜோடியா வருது. வெடிச்சா வெத பஞ்சு வச்சிகினு பறக்குது. எருக்குல மகரந்தம் தூளா இல்லாம கட்டிகினு கீது, அது ஒண்ணுதான் வேற. எனுக்கும் தெரியும், புக்குல வேற பேர் போட்டுகீதுன்னு. ஆனா அந்த ஒண்ணுக்காவ ரெண்டா பிரிச்சது தப்புன்னு தோணிச்சு. அத்தத்தான் எழுதனேன். இன்னா காரணம்னு கேப்பாரு, இதெல்லாம் சொல்லணும்னு மனசுக்குள்ள வரிசையா வச்சிகினு நின்னேன். அந்தாளு கேக்காமயே உன் மேசைக்குப் போய்ட்டாரு."